கண் திறந்த ஜெபம்

செய்தி வந்தபோது காலை மணி ஐந்து ஐம்பது. செவ்வாய்க்கிழமை. மஞ்சக்குப்பத்து வீட்டில் காயத்ரி மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் சார்லஸின் பெயர் வந்தது. காலைப் பாசஞ்சரில் அவள் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவாள், அடுத்தது முதுநகரில் அவர் ஏறுவார். இருவருக்கும் வேலை சிதம்பரத்தில், ஒரே மருத்துவமனையில். வர முடியாத நாளில் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். அதனால் "இன்னிக்கு லீவா சார்லஸ் சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தாள்.

பேசியது அவர் மனைவி ரேகா. "மேடம், அவரு எந்திரிக்கல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒடம்பு சில்லுனு இருக்கு. பக்கத்து வீட்டு டாக்டரு பாத்துட்டுப் போயிட்டாரு," என்றாள்.

தூக்கத்தில் இறந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் காயத்ரிக்குத் தெரியும். குப்புறப் படுத்திருந்தாரா, நாக்கு கடிபட்டிருந்ததா, படுக்கை நனைந்திருந்ததா, இரவு மாத்திரை போட்டாரா. பதினைந்து வருடமாக வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்பவளுக்கு அந்தக் கேள்விகள் தானாகவே வாய்வரை வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. "இதோ வர்றேன் ரேகா," என்று மட்டும் சொன்னாள். டப்பாவை அப்படியே மேசையில் வைத்துவிட்டு முதுநகருக்கு ஆட்டோ பிடித்தாள்.

சார்லஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சார்லஸ் எக்ஸ்ரே டிப்ளமா முடித்து, இருட்டறையில் பிலிம் கழுவும் வேலையில் சேர்ந்தார். பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, பிறகு சி.டி. ஸ்கேன் வந்தது, அதன் பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. ஒவ்வொன்றுக்கும் யார் போய்க் கற்றுக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் அவர்தான் போனார். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி அவர் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மகள், கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். ஞாயிறு தவறாமல் சர்ச். மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது.

காயத்ரிக்கு அவர் அறிமுகமானது ஆறு வருடத்துக்கு முன்னால். வலிப்பு நோய் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு நினைவாற்றல் என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இரு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, சுண்டுவிரல் அளவில் வளைந்து கிடக்கிற ஒரு பகுதி இருக்கிறது. நாம் புதிதாக எதைத் தெரிந்துகொண்டாலும் அதன் வழியாகத்தான் மனதில் பதிய வேண்டும். உருவத்தை வைத்து அதற்குக் கடற்குதிரை என்று கிரேக்கத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பல நோயாளிகளுக்கு இரண்டில் ஒரு பக்கம் சுருங்கித் தழும்பேறி இருக்கும். இடப்பக்கம் கெட்டால் பெயரும் சொல்லும் நழுவும் என்பது பொதுவாகச் சொல்வது. ஆனால் சிலருக்கு இடப்பக்கம் பாதிக்குமேல் போயிருந்தாலும் அன்றாடம் எந்தக் குறையும் வெளியே தெரிவதில்லை. அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. நோயாளியை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, முகங்களையும் பெயர்களையும் தெருக்களின் படங்களையும் காட்டி, முன்பு பார்த்தது வந்தால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்பது படத்தில் தெரியும். ஒரு வருடம் கழித்து மறுபடி அதே சோதனை.

மருத்துவமனை நோயாளிகளுக்கு மாலை நாலரை வரை மெஷின் ஓயாது. அதற்குமேல்தான் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும். கூட நிற்க டெக்னீசியன் வேண்டும். கேட்ட மூன்று பேரும் வீட்டில் வேலை இருக்கிறது என்றார்கள். சார்லஸ் மட்டும், "ஞாயித்துக்கெழம வேணாம் மேடம். மத்தபடி நிக்கிறேன். கடேசி ரயிலுக்கு உட்டுருங்க, அது போதும்," என்றார். கடற்குதிரை விஷயத்தை அவள் விளக்கியபோது, "எங்கப்பா ஒண்ணு காயவெச்சு வெச்சிருந்தாரு மேடம். அது மண்டைக்குள்ள இருக்குன்னா நம்பவே மாட்டாரு," என்றார்.

ஸ்கேன் அறையின் வாசல் சார்லஸுடையது. மெஷினை நிறுத்தினாலும் அதற்குள் இருக்கும் காந்தம் நிற்காது. இரும்பு எது உள்ளே போனாலும் குண்டு மாதிரிப் பாய்ந்து மெஷினில் ஒட்டும், நடுவில் யார் தலை இருந்தாலும் சரி. அதனால் உள்ளே போகும் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இரும்பு இருக்கிறதா என்று அவர் கேட்கமாட்டார். கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "தாலியில ஊக்கு எத்தன தொங்குதும்மா?" என்று கேட்பார். "ஒண்ணுதான் சார்," என்று பதில் வந்துவிடும். தாலி தங்கம், அது ஒன்றும் செய்யாது, அதில் தொங்கும் ஊக்குதான் ஆளைக் கொல்லும் என்பார். எப்படியும் மெஷினுக்குள் போகும்போது தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டும். வெறுங்கழுத்தாக எந்தப் பெண்ணும் இருக்கமாட்டாள், மாமியார் விடவும்மாட்டாள். அதற்காகச் சார்லஸ் தன் மேசை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சள் துண்டும் எப்போதும் வைத்திருப்பார். முதலில் அதைக் கட்டிக்கொண்டு பிறகு இதைக் கழற்றலாம்.

ஒருமுறை நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் தன் மனைவிக்குக் கயிறு கட்டத் தயங்கி நின்றார். கூட வந்த அவர் மைத்துனன், "கட்டு மச்சான். ரெண்டாங்கல்யாணம், அதே பொண்ணு. பந்தி எங்கனு மட்டும் சார்கிட்ட கேட்டுக்க," என்றான். சார்லஸ் சிரிக்காமல், "கேன்டீன்ல வடை இருக்கு," என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தாள். பயந்தவர்களைப் படுக்க வைப்பது லேசான காரியமில்லை. மெஷின் முக்கால் மணி நேரம் தலைமாட்டில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் போடும்.

நோயாளிகள் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். சில பேரை உள்ளே அனுப்புவதற்கு முன் சார்லஸ் வாசலில் நின்று ஜெபம் செய்வார். பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே நிறுத்திவிடுவார். உதடு மட்டும் லேசாக அசையும். வலது கை சட்டைப் பொத்தானை உருட்டும். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. பிறகு நீளமாக மூச்சு விட்டுவிட்டு வேலையைத் தொடர்வார். "ஜெபமாலை இல்லாமலே உருட்டுறாரு பாரு," என்று கூட வேலை பார்க்கும் சித்தார்த் கேலி செய்வான். நோயாளிகளுக்கு அது ஆறுதல். "எனக்காகச் சாமிகிட்ட பேசிட்டுதான் அனுப்புனாரு," என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். பக்கத்து ஊரில் அதைக் கேட்டு, அந்தச் சார்தான் வேண்டும் என்று வந்தவர்கள் உண்டு. யாராவது அவரிடமே சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

காயத்ரியும் பல தடவை பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். ஜெபம் செய்பவர் கண்ணை மூடவில்லையே என்று ஒருநாள் தோன்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்த சாவி விவகாரத்திலும் அந்த ஜெபம் இருந்தது. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து முத்தம்மாள் என்ற பெண் தன் மகள் கலைமணியை அழைத்து வந்திருந்தாள். கலைமணிக்கு அப்போது இருபத்தொன்று, பதினொரு வயதிலிருந்து வலிப்பு. சார்லஸ் வாசலில் அவர்களோடு பேச ஆரம்பித்தவர் வழக்கம்போல் நின்று ஜெபம் செய்தார். பிறகு, "எல்லாம் கேட்டாச்சு, வாங்க," என்று உள்ளே கூட்டிப் போனார். கலைமணி மெஷின் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். சார்லஸ் தலைக்கூண்டைச் சரிசெய்யக் குனிந்தார். முத்தம்மாள் அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்றாள். ணங்கென்று ஒரு சத்தம். விரல் நீளத்தில் ஒரு இரும்புச் சாவி மெஷினின் வாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. கலைமணி படுத்திருந்தால் அவள் நெற்றி இருந்திருக்க வேண்டிய இடம்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் காயத்ரி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து ஓடி வந்தாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கும் பழக்கம் அவளுக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள் என்று நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள். முத்தம்மாளை வராந்தாவில் நிற்க வைத்து, எல்லார் எதிரிலும் கத்தினாள். "எத்தன தடவ கேட்டுருப்பாரு? பொண்ணு மண்டைல பட்டுருந்தா யாரு பதில் சொல்றது?"

"கேட்டேன் மேடம். கண்டிப்பா கேட்டேன்," என்றார் சார்லஸ்.

முத்தம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாவி என்னுதுதாம்மா. தப்புதான்," என்றாள்.  அடுத்த வருடம் இரண்டாவது சோதனைக்குக் கலைமணியை அவள் அழைத்து வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சார் ஜெபம் செய்ததால்தான் பொண்ணு பிழைத்தது என்று ஸ்கேன் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

போன ஆகஸ்டில் ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்கள் முப்பது பேரையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இருபத்தொன்பது பேர் முடிந்தது. ஐம்பது வயது தாண்டிய ஆண் ஒருவர் கிடைக்கவில்லை. "எதுக்கு மேடம் அலையறீங்க? நான் படுக்கறேன்," என்றார் சார்லஸ். விண்ணப்பத்தில், வலிப்பு வந்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்தார். ஊக்கும் பெல்ட்டும் இல்லாமல், தன் கேள்விகளைத் தனக்கே சத்தமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். சித்தார்த் மெஷினை இயக்கினான்.

சோதனையில் பெயர்களில் இருபதுக்கு நான்குதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. தெருக்களில் இருபதுக்குப் பத்தொன்பது. காயத்ரிக்கு ஆச்சரியம். ஆராய்ச்சியில் இருக்கும் அறுபது நோயாளிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர். வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே அவர் திரையை எட்டிப் பார்த்தார். மூளையைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற மாதிரியான படம் அதில் நின்றிருந்தது. அந்தப் படத்தை அவர் ஆயிரம் தடவை எடுத்திருக்கிறார். இடப்பக்கத்துக் கடற்குதிரை வலப்பக்கத்தின் அளவில் பாதிதான் இருந்தது, வெள்ளையாகத் தழும்பேறி.

"இது யாரு மேடம், போன வாரம் வந்தவரா?" என்றார்.

 சார்லஸ் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சித்தார்த் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

"சார்லஸ் சார், வாசல்ல நின்னு ஜெபம் பண்றப்ப மனசுல என்ன சொல்லுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாரும் சொல்றாங்க மேடம், வாசல்ல ஜெபம் பண்றேன்னு. நான் காலைல வீட்ல பண்ணிட்டுதான் கெளம்புறேன். வாசல்ல பண்ண எங்க நேரம்?" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. கீழே விழுந்து கைகால் உதறுவது மட்டும் வலிப்பு இல்லை. ஆள் நின்றபடி நிற்க, ஒரு நிமிடம் காணாமல் போவதும் வலிப்புதான் என்று காயத்ரி நோயாளிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். காயத்ரி ஐந்து வருடம் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் ரயிலில் ஆலப்பாக்கம் தாண்டியதும் சார்லஸ் சொன்னார்.  மூன்று வயதில் காய்ச்சலில் பெரிய வலிப்பு வந்ததாம். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை. மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். கல்யாணம் பேசும்போது, வலிப்புதான் நின்றுவிட்டதே என்று மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார்.

"ரேகாகிட்ட நேத்து கேட்டேன். தெரியுமாம் மேடம். இருபத்திரண்டு வருசமா தெரியுமாம். அடுப்பாங்கரையில நிப்பேனாம், வாய அசைப்பேனாம். 'நல்லாத்தான இருக்கீங்க, சொல்லி வேல போச்சுன்னா என்னா பண்றது'ன்னு என்னையே கேக்குறா."

"இப்ப டாக்டரப் பாக்கணும். மாத்திர ஆரம்பிக்கணும்."

"அத பாக்கலாம். வாசல்ல நான் நிக்கலாமா? அத சொல்லுங்க."

 ஆராய்ச்சியில் தெரியவந்ததை அவருடைய மேலதிகாரியிடம் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. விண்ணப்பத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவரே சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால், அடுத்த தடவை வாசலில் ஒரு நிமிடம் அவர் காணாமல் போகும்போது யார் எதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"இருபது வருசமா எனக்குத் தெரிஞ்சது அந்த வாசல்தான் மேடம்," என்றார் சார்லஸ். பரங்கிப்பேட்டை வந்தபோது, "அந்தச் சாவி," என்று ஆரம்பித்து நிறுத்தினார். அடுத்த ஸ்டேஷன் கிள்ளையில்தான் முடித்தார். "அன்னிக்கு அந்தம்மாகிட்ட நான் கேட்டேனா, கேக்கலையா? எனக்குத் தெரியணும். கேட்டுருந்தா மாத்திரையப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். கேக்கலன்னா வாசல உட்டு வந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமையே இருவரும் விருத்தாசலத்தில் பஸ் மாறித் திட்டக்குடிக்குப் போனார்கள். அங்கிருந்து டவுன் பஸ். வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கலைமணி சொன்ன அடையாளங்கள் சார்லஸுக்கு வரிசையாக நினைவிருந்தன. இரண்டாவது ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி, அதற்கு எதிர்ச் சந்து. அறுபது பேரின் பெயரையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார் என்பது காயத்ரிக்கு அந்தச் சந்தில் நடக்கும்போது விளங்கியது. பெயரை அவர் நினைவில் வைப்பதில்லை. ஊரை, பஸ்ஸை, வீட்டை வைத்திருந்தார். மனதுக்குள் அந்த வீட்டு வாசலுக்குப் போனால் பெயர் கிடைத்துவிடும்.

முத்தம்மாள் சாலையோரம் மக்காச்சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். "வாங்க சார். ஒடம்பு எப்டி இருக்கு?" என்று சார்லஸைத்தான் முதலில் கேட்டாள்.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கலைமணி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அன்னிக்கு வாசல்ல நான் ஒங்கள இரும்பு பத்திக் கேட்டேனாம்மா?" என்றார் சார்லஸ்.

"அத இப்ப எதுக்குக் கெளறிக்கிட்டு. போனது போச்சு சாமி."

"சொல்லுங்க."

முத்தம்மாள் காயத்ரியைப் பார்த்தாள். "டாக்டரம்மா இருக்காங்களே."

"இருக்கட்டும். அவுங்களுக்குத் தெரியும்."

"எது?"

"எனக்கு வர்றது."

முத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "அப்ப சரி. நீ கேக்கல. கேக்கறதுக்கு வாயத் தொறந்த, அப்டியே நின்னுட்ட. கண்ணு தொறந்திருக்கு, ஆளு இல்ல. இவளுக்கு மொதமொதல்ல அப்டித்தான வந்துச்சு, எனக்குத் தெரியாதா? இவளுக்குன்னு இடுப்புல முடிஞ்சு வெச்சிருந்த சாவிய எடுத்து ஒங் கையில குடுத்து மூடுனேன். செத்த நேரத்துல தெளிஞ்ச. சாவிய சட்டப் பையில போட்டுக்கிட்டு, எல்லாம் கேட்டாச்சு வாங்கன்னு நடந்துட்ட. திருப்பி வாங்கலாம்னு பின்னாடியே வந்தேன். அதுக்குள்ள பறந்துருச்சு."

தண்ணீர் கொடுத்துவிட்டுக் கலைமணி மறுபடி தைக்க உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"அப்பவே ஏம்மா சொல்லல? நான் அவ்ளோ திட்டுனேனே," என்றாள் காயத்ரி.

"எப்டிம்மா சொல்றது? பத்துப் பேரு நிக்கிறாங்க. இவளப் பாக்க வந்தவன் ரெண்டு பேரு இது தெரிஞ்சுதான திரும்பிப் போனான். அவரு வேல பாக்குற மனுசன். நா திட்டு வாங்குனா ஊருக்கு வந்துருவேன், அதோட முடிஞ்சுது. அவரு எங்க போவாரு? மறு வருசம் வரலைன்னு கோவிச்சுக்காத. வந்தா அவரு மூஞ்சியப் பாத்து நா ஏதாச்சும் ஒளறிருவேன்."

"எங்கம்மா யாருக்கு வந்தாலும் சாவிதான் சார்," என்றாள் கலைமணி. "அன்னிக்கு அந்தச் சாவிய நீங்க புடுங்கி வெச்சுக்கிட்டீங்களா, அடுத்த தடவ எனக்கு வந்தப்ப பூட்டக் குடுத்துருக்கு. தெளிஞ்சு பாத்தா கையில திண்டுக்கல் பூட்டு, அரைக்கிலோ."

சார்லஸ் சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காயத்ரி முத்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள். "அட உடும்மா, சோறாகுது, சாப்புட்டுப் போ," என்று அவள் எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெண்ணாடம் அருகில் சார்லஸ், "வந்துடறேன் மேடம்," என்றார். 

திங்கட்கிழமை அவரே துறைத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சாவி தன் பையிலிருந்து பறந்ததையும் சொன்னார். அவர் பயந்தபடி வேலை போகவில்லை. படங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலைக்கு மாற்றினார்கள். வாசலுக்குப் புது ஆள் வரும்வரை சித்தார்த் நிற்பான். நரம்பியல் டாக்டர் அறிவழகன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் அளவைக் கூட்டினார். வாரத்துக்கு ஒரு வலிப்பு என்பது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. இரவில் தூக்கத்தில் வருகிறதா என்று கேட்டபோது, ஜாஸ்தி இல்லை என்று ரேகா சொன்னாள். காயத்ரி சார்லஸின் பதிவை நோயில்லாதவர் பட்டியலிலிருந்து எடுத்து நோயாளிகள் பட்டியலில் அறுபத்தொன்றாவதாகச் சேர்த்தாள். முப்பதாவது ஆளுக்கு மறுபடி அலைந்தாள்.

பிப்ரவரி முதல் தேதி புது டெக்னீசியன் வருவதாக உத்தரவு வந்தது. வருபவருக்காக வாசல் கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்று துறைத் தலைவர் சார்லஸிடம் சொன்னார். மெஷின் கம்பெனி கொடுத்த படிவம் இருக்கிறதே என்றான் சித்தார்த். "அதுல உலோகப் பொருள் உண்டா இல்லையான்னுதான் இருக்கு. மகராசிங்க இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஊக்கோட உள்ள போயிருவாங்க," என்றார் சார்லஸ்.

ஜனவரி முழுக்க அவர் அதை ரயிலில் எழுதினார். வாயில் சரளமாக வருவது பேனாவில் வரவில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு நாள் ஆனது. தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதி, காயத்ரியிடம் படித்துக் காட்டுவார். ஊக்கு எத்தனை என்று கேள், உண்டா என்று கேட்காதே. ஹேர்பின்னைக் கொண்டைக்குள் விரல் விட்டுப் பார், சொல்லிவிட்டுப் பார். வயதான ஆண்களிடம் பல்செட்டைப் பற்றி மகன் எதிரில் கேட்காதே. இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொல்லாதே, முடிச்சில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேள். "எழுதுனா அதட்டுற மாதிரி இருக்கு மேடம்," என்று அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒருநாள் இடையில் பேனா நின்றது. உதடு அசைந்தது. காயத்ரி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது விநாடி. தெளிந்ததும், "வந்துச்சா?" என்றார். "ம்," என்றாள். விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

அவர் சாவுக்குத் தூக்கத்தில் வந்த வலிப்புதான் காரணமா, இதயமா என்பது தெரியாது. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் முழுக்க முதுநகர் வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காயத்ரி கேட்காத கேள்விக்கு மதியம் ரேகாவே பதில் சொன்னாள். "குப்புறத்தான் கெடந்தாரு மேடம். நான் மக ரூம்ல படுத்துருந்தேன். கொசுவலை அங்கதான் இருக்கு." பிறகு, "ராத்திரி மாத்திரையப் போட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றாள். காயத்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை அடக்கம். நோயாளிகள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முத்தம்மாளும் கலைமணியும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, பின்வரிசையில் நின்றார்கள். போதகர் சார்லஸைப் பற்றிப் பேசினார். வேலை செய்யும் இடத்திலும் ஜெபத்தை மறக்காதவர், நோயாளிகளுக்காக வாசலில் நின்று மன்றாடியவர் என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். காயத்ரி நிமிர்ந்தாள். எதிரில் ரேகாவும் அதே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் போதகரைத் திருத்தவில்லை. 

மறுநாள் ரேகா அவருடைய ரயில் பையை காயத்ரியிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரி சாமான் ஏதாவது இருக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சீசன் டிக்கெட், கண்ணாடிக் கூடு, பாதி அட்டை மாத்திரை, கேள்விகள் எழுதிய தாள். காயத்ரி தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை மாலை ரயிலில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னலோரம் தூங்கிவிட்டிருந்தாள், அன்றைக்கு அவர் படித்துக் காட்டவில்லை.

ஒன்பது கேள்விகள் முழுதாக இருக்கின்றன. பத்தாவது, "கைக்குழந்தையோடு வரும் அம்மாவிடம் முதலில்" என்பதோடு நிற்கிறது.